எந்த இழை, எந்தக் கரைசலில்?

ஆசிரியருக்கு,

வணக்கம். மஞ்சளிலிருந்தோ வல்லாரையிலிருந்தோ பச்சைத் தேயிலையிலிருந்தோ எடுத்த ஏதோ ஒரு பொருள், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்ட் புரத இழைகளைக் கரைத்துவிட்டது என்ற செய்தி பத்திரிகைகளின் அறிவியல் பக்கங்களிலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வருகிறது. தேடிப் பார்த்தால் பெரும்பாலும் அது சோதனைக் குழாயில் நடந்ததாக இருக்கும். குழாயில் நடந்தது என்பதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. எங்கள் வேலையும் அந்தக் குழாய்களோடுதான். ஆனால் அந்தக் குழாயில் இருந்தது எந்த இழை என்று செய்தி சொல்வதில்லை. பல சமயம் ஆய்வுக் கட்டுரையே சொல்வதில்லை. ஒரே புரதம், சுற்றியிருக்கும் உப்பும் அமிலத்தன்மையும் வெப்பமும் குலுக்கலும் மாறினால், வெவ்வேறு வடிவ இழைகளாக அடுக்கிக்கொள்ளும். ஒரு வடிவத்தைக் கரைக்கும் பொருள் இன்னொரு வடிவத்தைத் தொடாமலே போகலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் கேட்கிறோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. உடலில் வேலை செய்யும்போது பெரும்பாலான சங்கிலிகள் தமக்கென்று ஒரு மடிப்பில் இருக்கும். நரம்புச் செல்களில் உள்ள டாவ், ஆல்ஃபா-சைனியூக்ளின் போன்ற சில புரதங்கள் நிலையான மடிப்பே இல்லாமல் அலையும். அமிலாய்ட் இழையில் சங்கிலி தட்டையாகப் படுத்து, அதன்மேல் அதே புரதத்தின் அடுத்த சங்கிலி படுத்து, இப்படியே அடுக்கு ஏறிக்கொண்டே போகும். அடுக்குக்கு அடுக்கு இடைவெளி சுமார் 0.47 நானோமீட்டர், பக்கவாட்டில் தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் நீள இழையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். வெந்த முட்டை வெள்ளைக்கருவை இழுத்து 1935-இல் வில்லியம் ஆஸ்ட்பரி எடுத்த எக்ஸ் கதிர் படத்தில் விழுந்ததும் இந்த அமைப்புதான். நோயாளிகளின் உறுப்புகளிலிருந்து பிரித்த இழையில் 1968-இல் ஈன்ஸும் கிளென்னரும் கண்டதும் இதுதான். இந்த எலும்புக்கூடு எல்லா அமிலாய்ட் இழைக்கும் பொது. அதனாலேயே இழை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்தது. வேறுபாடு இருப்பது ஒவ்வொரு அடுக்குக்குள்ளும்: சங்கிலியின் எந்தப் பகுதி உள்ளே போகிறது, எங்கே திரும்புகிறது, எத்தனை இழைக்கூறுகள் (ஒரு இழைக்குள் சேரும் மெல்லிய தனி இழைகள்) எந்தப் பக்கம் ஒட்டி முறுக்குகின்றன என்பதில்.

இயல்பான மடிப்பை அமினோ அமில வரிசையே தீர்மானிக்கிறது என்று காட்டியதற்காக கிறிஸ்டியன் அன்ஃபின்சென் 1972-இல் நோபல் பரிசு பெற்றார். இழை விஷயத்தில் அந்த விதி அப்படியே செல்லாது. வரிசை ஒன்றாக இருக்கும், வடிவங்கள் பல. காரணம் அந்த அடுக்கிலேயே இருக்கிறது. ஒரு அடுக்கில் லைசின் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேயும் லைசின், நேர் கீழேயும் லைசின். நேர் மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலம் அரை நானோமீட்டருக்கு ஒன்றாக இழையின் நீளம் முழுக்க வரிசை கட்டி நிற்கிறது. ஒன்றையொன்று தள்ளும் இந்த வரிசையை யாராவது சமாதானப்படுத்தினால்தான் அடுக்கு நிலைக்கும். அந்த வேலையைச் செய்வது பக்கத்தில் இருக்கும் எதிர் மின்னூட்ட அமினோ அமிலமாக இருக்கலாம்; கரைசலில் உள்ள உப்பின் அயனியாக இருக்கலாம்; ஆர்.என்.ஏ., ஹெப்பாரின் போன்ற எதிர் மின்னூட்ட நெடுஞ்சங்கிலியாக இருக்கலாம். யார் கிடைக்கிறார்களோ அவர்களுக்கு ஏற்ற மடிப்பு வெற்றி பெறும். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) மாறினால் மின்னூட்டங்களே மாறிவிடும்: பி.எச். 6-ஐ ஒட்டி ஹிஸ்டிடின் நேர் மின்னூட்டம் பெறுகிறது, 4-க்குக் கீழே போனால் குளூட்டமேட்டும் ஆஸ்பார்ட்டேட்டும் எதிர் மின்னூட்டத்தை இழக்கின்றன. அதுவரை ஒன்றையொன்று தாங்கிய ஜோடிகள் உடையும். வேறு ஜோடிகள் அமையும்.

இது தாளில் போட்ட கணக்கு அல்ல. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி என்ற நரம்புச் சிதைவு நோயில் இறந்தவர்களின் மூளையிலிருந்து பிரித்த ஆல்ஃபா-சைனியூக்ளின் இழைகளின் அணு அமைப்பு 2020-இல் வெளியானது. அதில் இரண்டு இழைக்கூறுகள் சேரும் இடத்தில் ஒரு குகை. அதைச் சுற்றி 43-ஆம், 45-ஆம் இட லைசின்களும் 50-ஆம் இட ஹிஸ்டிடினும் நிற்கின்றன. குகைக்குள் புரதம் அல்லாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நேர் மின்னூட்டத்துக்கு நடுவே இருப்பதால் அது எதிர் மின்னூட்டம் கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். பாக்டீரியாவில் தயாரித்த தூய புரதத்தைத் தூய பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) போட்டால் அந்தப் பொருள் அங்கே இருக்காது. அது இல்லாமல் அந்த மடிப்பு எப்படி அமையும்?

சூழல் என்றால் வேதிப்பொருள் மட்டும் இல்லை. குழாயை ஆட்டினோமா இல்லையா என்பதே போதும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ராபர்ட் டைக்கோவின் குழு 2005-இல் வெளியிட்ட வேலையில், அல்சைமர் மூளையில் படியும், 40 அமினோ அமிலம் கொண்ட அமிலாய்ட்-பீட்டா பெப்டைடை (குறும் புரதத்தை) இரண்டு பங்காக்கி, ஒன்றை மெல்ல அசைத்தும் இன்னொன்றை அசையாமலும் வளர்த்தார்கள். அசைத்ததில் பட்டையான நாடா போன்ற இழைகள்; அசையாததில் முறுக்கு விழுந்த இழைகள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமல்ல, திட நிலை என்.எம்.ஆர். சமிக்ஞைகளிலும் வேறுபாடு தெரிந்தது. நரம்புச் செல்களில் இரண்டின் நச்சுத்தன்மையும் ஒன்றாக இல்லை. எங்கள் கண்ணில் எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு இன்னொன்று: ஒவ்வொரு இழையையும் உடைத்து விதையாகப் போட்டு வளர்த்தபோது, மகள் இழை தாய் இழையின் வடிவத்தையே எடுத்தது. அதாவது முதல் நாள் குழாய் குலுங்கியதன் தடம் தலைமுறை தாண்டிப் போகிறது.

வெப்பத்துக்கு உதாரணம் ஈஸ்ட். சப்-35 என்ற ஈஸ்ட் புரதத்தின் இழைகளை 4 டிகிரியில் வளர்த்து ஈஸ்ட் செல்லுக்குள் செலுத்தினால் ஒரு வகைப் பண்பு, 37 டிகிரியில் வளர்த்துச் செலுத்தினால் வேறு வகைப் பண்பு என்று ஜோனதன் வைஸ்மனின் குழு 2004-இல் காட்டியது. 4 டிகிரி இழை எளிதில் உடையும். உடைந்தால் வளரும் முனைகள் பெருகும். அதனால் அதுவே வீரியமான பண்பைத் தருகிறது. உறுதியான இழைதான் கெடுதலானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உப்புக்கு உதாரணம் மறுபடியும் ஆல்ஃபா-சைனியூக்ளின். 2013-இல் வெளியான, இன்று பல ஆய்வகங்கள் பின்பற்றும் செய்முறை இது: 140 அமினோ அமிலம் கொண்ட இந்தப் புரதத்தை 50 மில்லிமோலார் (கரைசல் செறிவின் அலகு) ட்ரிஸ் பஃபர், 150 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, பி.எச். 7.5, 37 டிகிரி, நிமிடத்துக்கு 600 சுற்றுக் குலுக்கலில் வைத்தால் உருளை வடிவ இழைகள். உப்பை எடுத்துவிட்டு, ட்ரிஸை 5 மில்லிமோலாராகக் குறைத்தால் தட்டையான நாடாக்கள். புரோட்டினேஸ்-கே நொதியால் வெட்டிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு துண்டுகளாக விழுகின்றன. எலியின் மூளையில் செலுத்தினால் விளைவும் வெவ்வேறு.

இவற்றில் மிகவும் பாடம் தருவது டாவ் புரதத்தின் கதை என்று நினைக்கிறோம். ஹெப்பாரின் சேர்த்தால் டாவ் விரைவாக இழையாகும் என்பது 1996-இலேயே தெரிந்தது. டாவ் தானாக இழையாகச் சோம்பல்படும் புரதம். ஆகவே ஹெப்பாரின் போட்ட இழையே உலகெங்கும் ஆய்வகங்களின் வழக்கமானது. மருந்துகளும் அதன் மேல்தான் சோதிக்கப்பட்டன. 2017-இல் கேம்பிரிட்ஜில் அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த டாவ் இழையின் அமைப்பு கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிந்தது: 306 முதல் 378 வரையிலான அமினோ அமிலங்கள் ஆங்கில எழுத்து ‘சி’ போல வளைந்து கிடந்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் பிக் நோய், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் மூளைச் சிதைவு, கார்ட்டிகோபேசல் சிதைவு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மடிப்பு கிடைத்தது. ஒரே நோய் கொண்ட வெவ்வேறு ஆட்களிடம் ஒரே மடிப்பு. இதற்கிடையே 2019-இல் ஹெப்பாரின் இழைகளைப் பார்த்தார்கள். ஒரே குழாயில் நான்கு வகை. ஸ்னேக், ட்விஸ்டர், ஹோஸ், ஜாக்ட் என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டாதவை. அமைப்பு தெரிந்தவற்றில் எதுவும் அல்சைமர் இழையோடும் பொருந்தவில்லை, பிக் நோய் இழையோடும் பொருந்தவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் சாவிகள் செய்துகொண்டிருந்தது வேறொரு பூட்டுக்கு.

சரியான பூட்டு 2022-இல் வந்தது. அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகம் டாவின் 297 முதல் 391 வரையிலான துண்டை மட்டும் எடுத்து, 10 மில்லிமோலார் பாஸ்பேட், பி.எச். 7.4, 10 மில்லிமோலார் டி.டி.டி. (சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இணையாமல் தடுக்கும் பொருள்), 37 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று என்ற நிலையில் 48 மணி நேரம் வைத்தது. 200 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்த குழாயில் அல்சைமர் இழை. அதற்குப் பதிலாக சோடியம் குளோரைடு சேர்த்த குழாயில் தலையடி நோயின் இழை. இந்த முடிவுக்கு வர அவர்கள் வெளியிட்ட இழை அமைப்புகள் மொத்தம் 76. இதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்லுக்குள் கட்டற்று இருக்கும் மெக்னீசியம் 1 மில்லிமோலாரை ஒட்டித்தான். 200 என்பது எந்த மூளையிலும் கிடையாது. ஆக, செய்முறை உடலைப் போல இருக்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. ஹெப்பாரினாவது உடலில் இருக்கும் பொருள். அது தவறான வடிவத்தைத் தந்தது. உடலில் இல்லாத அளவு மெக்னீசியம் சரியான வடிவத்தைத் தந்தது. வந்த இழையைப் படம் பிடித்து மூளை இழையோடு ஒப்பிட்டால் ஒழிய எதையும் சொல்ல முடியாது.

நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இத்துறையில் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் நிறைய. அவர்களுக்கு உதவக்கூடிய, கட்டுரைகளில் எழுதப்படாமல் விடுபடும் சில விஷயங்கள்.

ட்ரிஸ் பஃபரின் பி.எச். வெப்பத்தோடு நகரும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.028. 25 டிகிரியில் 7.5 வைத்த கரைசல் 37 டிகிரி இன்குபேட்டரில் 7.16-ஐ ஒட்டி இருக்கும். ஆல்ஃபா-சைனியூக்ளினுக்கு இந்த மூன்றில் ஒரு அலகு அற்பமல்ல, பி.எச். 7-க்குச் சற்றுக் கீழும் மேலும் வரும் வடிவங்கள் ஒன்றாக இருப்பதில்லை. பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே பி.எச். வைக்க வேண்டும். சோடியம் பாஸ்பேட்டில் வேறு சங்கடம்: மெதுவாக உறையவைத்தால் டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி, மிச்சமிருக்கும் திரவத்தின் பி.எச். 4-ஐ நெருங்கும் அளவுக்கு இறங்கும். புரதத்தை அதில் கரைத்து மைனஸ் 20 பெட்டியில் போட்டு, மின்வெட்டில் பாதி உருகி மறுபடி உறைந்தால், வெளியே எடுக்கும்போது அதற்குள் விதைகள் இருக்கும். சிறு பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து, மைனஸ் 80-இல் வைத்து, ஒரு பங்கை ஒரே முறை மட்டும் உருக்க வேண்டும்.

அமிலாய்ட்-பீட்டா 42-ஐ (42 அமினோ அமிலம் கொண்ட வடிவத்தை) விலைக்கு வாங்குபவர்களுக்கு: செயற்கைப் பெப்டைட் பெரும்பாலும் ட்ரைஃப்ளூரோ அசெட்டிக் அமிலத்தின் உப்பாக வரும். 10 மில்லிமோலார் பஃபரில் அதை நேராகக் கரைத்தால் பி.எச். இறங்கிவிடும், அளந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. ஹெச்.எஃப்.ஐ.பி. என்ற கரைப்பானில் கரைத்துக் காயவைப்பவர்கள் முழுக்கக் காயவைக்காவிட்டால் எச்சமே இழையின் போக்கை மாற்றும். இவற்றைவிட நம்பகமானது, 6 அல்லது 7 மோலார் குவானிடினில் கரைத்து, ஜெல் வடிகட்டும் தூணில் ஓட்டி, ஒற்றை மூலக்கூறு வரும் உச்சத்தின் நடுப்பகுதியை மட்டும் பனிக்கட்டி மேல் சேகரிப்பது. அதற்கு நன்கு சோதிக்கப்பட்ட பஃபர்: 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 200 மைக்ரோமோலார் இ.டி.டி.ஏ., 0.02 சதவீதம் சோடியம் அசைடு, பி.எச். 8. இ.டி.டி.ஏ. எதற்கு என்றால், தண்ணீரிலும் கண்ணாடியிலும் இருந்து வரும் துளி செம்பும் துத்தநாகமும் இந்தப் பெப்டைடின் ஹிஸ்டிடின்களைப் பற்றிக்கொள்ளும்; அவற்றை இது கட்டிப்போடும்.

பிளாஸ்டிக் தட்டும் ஒரு சூழல்தான். சாதாரண பாலிஸ்டைரீன் குழியின் சுவரில் புரதம் ஒட்டி, அங்கேயே இழை தொடங்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய, ஒட்டாத தட்டு கிடைத்தால் நல்லது. குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, மேலே ஒட்டுத்தாள் போட்டு மூட வேண்டும். ஓரக் குழிகள் 37 டிகிரியில் முதலில் வற்றும். உப்பு செறிவு ஏறும். ஓரக் குழிகளில் மட்டும் முடிவு விலகினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஓரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி விட்டுவிடலாம். குலுக்குபவர்கள் வேகத்தை மட்டும் எழுதாமல் குழாயின் அளவு, திரவத்தின் அளவு, மேலே இருந்த காற்று, கண்ணாடி மணி போட்டார்களா என்பதையும் எழுத வேண்டும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதத்தின் நீர் வெறுக்கும் பகுதிகள் மேலே வந்து குவியும். குலுக்கும்போது அந்தப் பரப்பு கிழிந்து கிழிந்து புதிதாகிறது. பாதி நிரம்பிய குழாயும் விளிம்பு வரை நிரம்பிய குழாயும் ஒரே வேகத்தில் சுழன்றாலும் ஒரே சோதனை அல்ல.

பாக்டீரியாவில் தயாரித்த ஆல்ஃபா-சைனியூக்ளினின் முனையில் அசெட்டைல் தொகுதி இருக்காது. மனித உடலில் இருக்கும். டாவ் என்றால் டி.டி.டி. புதியதா என்று பார்க்க வேண்டும், பழைய டி.டி.டி. காற்றுபட்டு வீணாகி, சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும்.

இனி மஞ்சள் செய்தி. இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை தயோஃப்ளேவின்-டி என்ற சாயத்தை நம்புகின்றன. 440 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால், இழையோடு ஒட்டிய சாயம் 480-ஐ ஒட்டி ஒளிரும். ஒளிர்வு கூடினால் இழை கூடியது, குறைந்தால் குறைந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் தானே 425 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அடர்த்தியாக உறிஞ்சும் மஞ்சள் பொருள். அதைக் குழிக்குள் போட்டால் சாயத்துக்குப் போகும் ஒளி குறையும், ஒளிர்வும் இறங்கும், இழை ஒன்றுகூடக் கரைந்திருக்காது. தவிர, குர்க்குமினும் இழையோடு ஒட்டும் பொருள். சாயத்துக்கு இடம் விடாமல் செய்யலாம். இன்னொன்றும் உண்டு: 37 டிகிரியில், நடுநிலை பி.எச். பஃபரில், குர்க்குமினில் பெரும்பகுதி அரை மணி நேரத்துக்குள் சிதைந்துபோகும். மூன்று நாள் ஓடும் சோதனையில் கடைசி இரண்டரை நாள் குழாயில் வேலை செய்தது எது? குவெர்செட்டின், ரெஸ்வெராட்ரால் ஆகிய தாவரப் பொருட்களும் இந்தச் சாயச் சோதனையைக் கெடுக்கும்.

பரிசோதிக்கும் வழி கடினமில்லை. ஏற்கெனவே முழுக்க வளர்ந்த இழையில் சாயம் கலந்து அளந்துவிட்டு, பொருளைச் சேர்த்து ஒரே நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். அப்போதே ஒளிர்வு விழுந்தால் அது ஒளியின் விளையாட்டு. இழை ஒரு நிமிடத்தில் கரையாது. அடுத்து, சாயமே இல்லாமல் ஒரு பங்கை 1,00,000 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு) விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி, மேலே தெளிந்த நீரில் எவ்வளவு புரதம் வந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கூடவே 2 சதவீத யுரேனைல் அசிட்டேட் சாயமிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு படம். இழை மறைந்தே போயிருந்தாலும் அது எங்கே போனது என்று கேட்க வேண்டும்: பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி., அமிலாய்ட்-பீட்டாவையும் ஆல்ஃபா-சைனியூக்ளினையும் இழைக்குப் பதில் வேறு வகைத் திரள்களாகத் திருப்பிவிடுகிறது. ஒற்றை மூலக்கூறாகத் திரும்புவதும் வேறு திரளாக மாறுவதும் ஒன்றல்ல. சாயத்தின் ஒளிர்வு அளவும் வடிவத்துக்கு வடிவம் மாறும். ஒரு குழாயில் 1,000, இன்னொன்றில் 300 என்றால் இழை மூன்றில் ஒரு பங்கு என்று பொருளில்லை.

ஒளிர்வு வடிவத்துக்கு வடிவம் மாறுவதை நன்மையாகப் பயன்படுத்தும் சோதனையும் உண்டு. நோயாளியின் தண்டுவடத் திரவத்தில் உள்ள நுண்ணிய விதைகளைத் தூய ஆல்ஃபா-சைனியூக்ளினில் போட்டு, பாலில் உறை ஊற்றுவது போலப் பெருக்கி, சாயத்தால் கண்டுபிடிக்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளியின் திரவமும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி நோயாளியின் திரவமும் வெவ்வேறு உச்ச ஒளிர்வைத் தந்ததாக 2020-இல் வெளியானது. விதை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இது நல்ல முறை. ஆனால் பெருகி வந்த இழை நோயாளியின் மூளையில் இருந்த இழைதான் என்று எடுத்துக்கொள்வது தவறு. அந்த இரண்டாம் நோயின் மூளை விதையைப் போட்டுப் பெருக்கிய இழைகளை 2021-இல் படம் பிடித்தபோது, மூளையில் இருந்த மடிப்பு அவற்றில் வரவில்லை. விதை பழைய சூழலிலிருந்து வந்தது, பெருகியது புதிய பஃபரில், பஃபர் வென்றது. டைக்கோ குழுவின் அமிலாய்ட்-பீட்டாவில் தாயைப் போல மகள் வந்ததையும் இதையும் சேர்த்துப் படித்தால், எந்தப் புரதத்தில் விதை வெல்லும், எதில் கரைசல் வெல்லும் என்பதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும் என்று புரியும். ஆகவே பெருக்கி எடுத்த இழையின் மேல் மருந்து சோதித்த செய்தி வந்தால் எச்சரிக்கை தேவை.

வீட்டில் குளிர்பதனப் பெட்டிக்குள் அமிலாய்ட் ஆகக்கூடிய புரதம் ஒன்றை வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அது இன்சுலின். 51 அமினோ அமிலம். ஆய்வகத்தில் இதை இழையாக்குவது மிகச் சுலபம்: மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம், பி.எச். 2-ஐ ஒட்டிய ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லிமோலார் உப்பு, 60 முதல் 65 டிகிரி; ஒரே நாளில் தெளிந்த கரைசல் கூழாகும். கல்லூரி செய்முறை வகுப்புக்கு ஏற்றது. மருந்துக் குப்பியில் அது அவ்வளவு எளிதில் நடக்காததற்குக் காரணம், அங்கே துத்தநாகம் ஆறு ஆறு மூலக்கூறுகளாக இன்சுலினைக் கட்டி வைத்திருக்கிறது. பாதுகாப்புக்குச் சேர்க்கும் ஃபீனாலும் கிரெசாலும் அந்தக் கட்டை இறுக்குகின்றன. கட்டு அவிழ்ந்து தனி மூலக்கூறானால்தான் அது விரிந்து இழைக்குப் போக முடியும். வெப்பம் கட்டை அவிழ்க்க உதவும். குலுக்கலும் காற்றுக் குமிழியும் விரிந்த மூலக்கூறுக்கு இடம் கொடுக்கும்.

ஆகவே பயன்பாட்டில் உள்ள குப்பியை 30 டிகிரிக்குக் கீழே, உறையில் எழுதிய நாட்களுக்குள் (பல வகைகளுக்கு நான்கு வாரம்) என்று சொல்வது சம்பிரதாயம் அல்ல. சித்திரை வைகாசியில் நம் ஊர் அறைகள் 30-ஐத் தாண்டும். அப்போது பயன்பாட்டில் உள்ள குப்பியையும் குளிர்பதனப் பெட்டியில், உறைபெட்டிக்குத் தள்ளி வைத்து, போடுவதற்குச் சற்று முன் வெளியே எடுக்கலாம். பேனா வகைக்கு உறையில் வேறு விதி இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். மண்பானை வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைக்கும்; 42 டிகிரி வெயிலில் 30-க்குக் கீழே இறக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது, உள்ளே ஒரு வெப்பமானியைப் போட்டுப் பார்க்க வேண்டும். உறைந்து உருகிய இன்சுலின் தெளிவாகத் தெரிந்தாலும் வேண்டாம். வண்டிப் பெட்டியில் வெயிலில் குலுங்கிய குப்பியும் அப்படித்தான். கலங்கலான வகையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும், உதறக் கூடாது. தெளிந்த வகையில் நூலோ மங்கலோ தெரிந்தாலும், கலங்கல் வகையில் குப்பிச் சுவரில் பனி படர்ந்தது போல வெள்ளை ஒட்டியிருந்தாலும் எறிந்துவிட வேண்டியதுதான்.

குப்பிக்கு வெளியேயும் இது நடக்கிறது. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டால், தோலுக்கடியில் இன்சுலினே அமிலாய்டாகி, கெட்டியான கட்டியாக நிற்கலாம். வயிற்றுப் பகுதியில் அதிகம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 செப்டம்பரில் எல்லா வகை இன்சுலினுக்கும் இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. ஊசி இடத்தில் கொழுப்பு திரள்வதும் வீக்கமாகத்தான் தெரியும். ஆனால் அது மெத்தென்று இருக்கும், இடம் மாற்றினால் காலப்போக்கில் அமுங்கும். அமிலாய்ட் கட்டி கெட்டியாக இருக்கும், எளிதில் போகாது. தோலுக்கடியில் 37 டிகிரியும் நடுநிலை பி.எச்.-உம் இருக்க, ஆய்வகத்துப் பி.எச். 2, 65 டிகிரி இழையும் இதுவும் ஒரே மடிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே கரைத்தது இங்கே கரையும் என்றும் சொல்ல முடியாது.

கட்டியில் போட்ட இன்சுலின் ரத்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. சர்க்கரை கட்டுப்படவில்லை என்று அளவு ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு நாள் நல்ல தோலில் அதே அளவைப் போட்டால் முழுவதும் உள்ளே போய், சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். ஊசி போடும் இடத்தில் கட்டி தட்டுப்பட்டால் இடத்தை மாற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, புதிய இடத்துக்கு எவ்வளவு குறைத்துப் போட வேண்டும் என்று கேட்டு, அடுத்த சில நாட்கள் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
புரத இழை ஆய்வில் பணிபுரியும் உயிர்வேதியியலாளர்கள் சிலர்,
சென்னை.